இரண்டு தேய்மானக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். மன்னார்குடியில் எல்லோரும் நலம். பேங்குக்குக் கொடுத்த பேலன்ஸ் ஷீட்டில் ஒரு லாபம், வருமான வரிக் கணக்கில் வேறு லாபம், இது முறைதானா என்று போனில் கேட்டாய். டைரக்டராகக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டாயே, அதில் எனக்கு நிம்மதி. முறைதான். கணக்குப் புத்தகம் ஒன்றுதான். தேய்மானம், அதாவது மெஷின் பழசாகி மதிப்புக் குறைவதை வருஷா வருஷம் செலவாக எழுதுவது, அதைப் போடும் விதிதான் இரண்டு.

நம் மில்லில் கறுத்துப்போன அரிசியைக் கேமராவில் கண்டுபிடித்து, காற்றடித்து ஒதுக்கித் தள்ளுகிற கலர் சார்ட்டரையே எடுத்துக்கொள். விலை 30 லட்சம். 2013 கம்பெனிச் சட்டம் இதுபோன்ற பொது இயந்திரத்துக்கு 15 வருஷம் ஆயுள் வைத்திருக்கிறது. கடைசியில் தேறும் விலை என்று 5 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு மீதியைச் சமமாகப் பிரித்தால் வருஷத்துக்கு 1.90 லட்சம். மில் உண்மையில் எவ்வளவு சம்பாதித்தது என்று பேங்கும் பங்குதாரரும் பார்ப்பது இதை வைத்துத்தான்.

வருமான வரியில் ஆயுள் என்ற பேச்சே இல்லை. ஒரே விகிதத்தில் வரும் இயந்திரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பு, மீதமுள்ள மதிப்பில் 15 சதவீதம். முதல் வருஷம் 4.50 லட்சம், அடுத்த வருஷம் 3,82,500, இப்படிக் குறைந்துகொண்டே வரும். நெல்லை மேலே ஏற்றும் பழைய எலிவேட்டரை விற்றபோது புத்தகத்தில் லாபம் வந்தது. வரியில் விற்ற பணத்தைத் தொகுப்பில் கழித்ததோடு சரி.

முதல் வருஷம் வரித் தேய்மானம் 2.60 லட்சம் அதிகம். நம் வரி, செஸ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 சதவீதம் என்பதால் சுமார் 65,000 ரூபாய் வரி குறையும். அது மிச்சம் இல்லையப்பா. ஏழாம் வருஷம் வரித் தேய்மானம் 1.70 லட்சத்துக்கு இறங்கிவிடும், புத்தகத்தில் அதே 1.90தான். அதிலிருந்து வரி கூடும். அதைத்தான் ஆடிட்டர் டெஃபர்டு டாக்ஸ், அதாவது பின்னால் கட்ட வேண்டிய தள்ளிப்போன வரி என்று கொடுக்க வேண்டிய பக்கத்தில் காட்டுகிறார். வருஷா வருஷம் புது மெஷின் வாங்கினால் தள்ளிப்போகும், தீர்ந்துபோகாது. அந்தப் பணத்தை டிவிடெண்டாக எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் நீ சம்மதிக்காதே.

அப்புறம், நெல் காயவைக்கும் டிரையர் விஷயம். நவம்பரில் வாங்கலாம் என்கிறாய். மார்ச் 31க்குள் 180 நாள் ஓடாவிட்டால் அந்த வருஷம் வரித் தேய்மானம் பாதிதான். வாங்கிய தேதி போதாது, ஓடத் தொடங்கிய தேதிதான் கணக்கு. குறுவை நெல் மழையில் நனைந்து வருகிற நேரத்துக்கும் அது தயாராக இருக்க வேண்டும். செப்டம்பருக்குள் பொருத்தி ஓட்டித் தர முடியுமா என்று கம்பெனிக்காரர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா