கூடலூரின் பெயர் அவைக்குறிப்பில் ஏற வேண்டும்

தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் நீலகிரி மாவட்டம் கூடலூர் தாலுகா, ஓவேலிப் பக்கத்தில் இருக்கிறவள். கொழுந்து பறித்துப் பிழைத்த குடும்பம். எங்கள் அம்மாயி தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்தவர். அந்த அட்டை இன்றும் எங்கள் தகரப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்துவிட்டதால் பின்பக்கம் செய்தித்தாள் ஒட்டி வைத்திருக்கிறோம். போட்டோவில் அம்மாயி நேராகப் பார்க்கிறார். மடியில் இருக்கும் என் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை எந்த நாடு ஏற்பது என்று, 1964 அக்டோபர் 30-ல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். "தலைய எண்ணுனாங்க, வாயத் தெறக்கச் சொல்லல" என்பார் அம்மாயி. சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டமும் ஒப்பந்தமும் டெல்லியில் எழுதப்படும்போது அங்கே யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் குடியிருக்கும் இடம் 'செக்‌ஷன் 17' நிலம். கூடலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்கு இருந்த ஜென்ம உரிமையை, அதாவது பரம்பரை நில உடைமையை, ஒழிக்க 1969-ல் நம் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்களைப் பற்றிப் பேசுவது அதன் 17-வது பிரிவு. அந்த நிலங்களில் பெரும்பகுதிக்கு இன்னும் முடிவு வரவில்லை. முடிவு வராததால் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கரண்ட் இல்லை. மின் இணைப்பு கேட்டு மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று முறையும் திரும்பி வந்தது. கடைசி மனுவின் ஓரத்தில் பச்சை மையில், "நிலத்தின் தன்மை முடிவாகவில்லை" என்று எழுதியிருந்தது. சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் என்னிடம் டியூஷனுக்கு வருகிறார்கள். சோலார் விளக்கு ஏழரை மணிக்கு மங்கிவிடும். மழைக்காலத்தில் அதற்கும் முன்னால். யானை நடமாடும் பாதையில் அந்தப் பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தில் வீட்டுக்கு நடந்து போகிறார்கள்.

இதைக் கேட்டதும் "நிலம் மாநிலப் பட்டியல், நாங்கள் என்ன செய்ய முடியும்" என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, படிக்கிற வரைக்கும்.

1972-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஜென்ம ஒழிப்புச் சட்டத்தில் காடுகளை அரசுடைமையாக்கும் பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1974-ல் நாடாளுமன்றம் 34-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை, நீதிமன்றம் ரத்து செய்யாதபடி சட்டங்களுக்குக் காப்புத் தரும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. அதாவது நீங்கள் இருக்கும் அவை எங்கள் நிலத்தின் மீது ஏற்கெனவே கை வைத்திருக்கிறது. அப்படிச் சேர்த்தது சரியா என்ற வழக்குதான் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போய், 2007 ஜனவரி 11-ல் தீர்ப்பானது. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று நாடு முழுவதற்கும் சொன்ன தீர்ப்பு அது.

இன்னொன்றும் உண்டு. கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் அந்த வழக்கில் வந்த உத்தரவுதான், ஆவணத்தில் காடு என்று எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்றது. வடகிழக்கு மாநிலங்களில்கூட மரம் அறுக்கும் ஆலைகள் நின்றன. சின்ன ஒரு மலைத் தாலுகாவிலிருந்து கிளம்பிய இரண்டு வழக்குகள் இந்த நாட்டின் சட்டத்தை மாற்றின என்று சொன்னால் என் டியூஷன் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். "நம்ம கூடலூரா டீச்சர்?" என்கிறார்கள்.

காடே 1976 முதல் மாநிலப் பட்டியலில் இல்லை. 42-வது திருத்தம் அதை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டம் டெல்லியில் பிறந்தது. 2023-ல் அதைத் திருத்தியதும் டெல்லிதான். அந்தத் திருத்தம் எதற்கு? 1996 உத்தரவின் அகராதிப் பொருளைக் குறுக்கி, காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்கும், 1980 அக்டோபர் 25 முதல் அரசு ஆவணங்களில் காடு என்று பதிவான நிலத்துக்கும் மட்டும் சட்டம் பொருந்தும் என்று சொல்வதற்கு. கூடலூரில் பிறந்த ஒரு தீர்ப்பைத் திருத்துகிற சட்டம்! 31 பேர் கொண்ட கூட்டுக் குழு ஒரு மாற்றமும் இல்லாமல் மசோதாவைத் திருப்பி அனுப்பியது. 2023 ஜூலை 26-ல் மக்களவை அதை நிறைவேற்றியபோது அவை மணிப்பூர் வன்முறைக்காகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மணிப்பூருக்காக எழுந்த குரலை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒரு வனச் சட்டம் நடந்து போய்விட்டது என்பது என் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருக்கிறது.

நான் காட்டுக்கு எதிரி இல்லை. மேலே சோலை இருப்பதால்தான் கோடையிலும் எங்கள் ஊற்றில் தண்ணீர் வருகிறது. 1996 உத்தரவு வந்திராவிட்டால் அந்தச் சோலை இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. என் கோரிக்கை இதுதான்: காடு எது, குடியிருப்பு எது என்று தேசிய அளவில் வார்த்தை வரையறுக்கும் ஒவ்வொரு விவாதத்திலும், ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் எஸ்டேட்டையும் அரை ஏக்கரில் ஓலைச் சாய்ப்புப் போட்ட குடும்பத்தையும் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் தள்ளாதீர்கள் என்று நீங்கள் எழுந்து பேச வேண்டும். 2006-ன் வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி அல்லாத வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 1964 ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 75 வருடத்துக்கு எங்கே போவார்கள்? அரசே அழைத்து வந்த ஜனங்களுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்வியை நான் கேட்டால் இந்த மலைக்குள் அடங்கிவிடும். நீங்கள் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அச்சாகும்.

தனி ஒரு உறுப்பினரால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். 2015 ஏப்ரல் 24-ல் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஏற்றுக்கொண்டது. மக்களவையில் அது நிறைவேறவில்லைதான். ஆனாலும் அரசாங்கம் 2019-ல் தானே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. தனிநபர் மசோதாக்களுக்கான வெள்ளிக்கிழமை மதியங்கள் உங்களுக்கும் இருக்கின்றன. கேள்வி நேரம் இருக்கிறது, பூஜ்ய நேரம் இருக்கிறது, மக்களவையில் தொகுதிப் பிரச்சினையை எழுப்ப விதி 377 இருக்கிறது.

பேசும்போது தமிழில் பேசுங்கள். அரசியல் சட்டத்தின் 120-வது பிரிவு தாய்மொழிக்கு இடம் தருகிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கொழுந்து எடைபோடும் இடத்தில் நிற்கும் பெண்களுக்கு உங்கள் பேச்சை நான் செல்போனில் போட்டுக் காட்ட வேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்லும் நிலைமை வேண்டாம்.

அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் யாராவது ஒருவர் இதைப் பேசினால், பேசிய தேதியை மட்டும் தெரியப்படுத்துங்கள். அந்த நாளின் அவைக்குறிப்பை அச்செடுத்து அம்மாயியின் குடும்ப அட்டையோடு தகரப் பெட்டியில் வைப்பேன்.

இப்படிக்கு,
ஓவேலியிலிருந்து ஒரு டியூஷன் டீச்சர்