முட்டை வேண்டாம், சோளத்தை இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் பத்திரிகையில் முட்டை விலை மறுபடி ஏறலாம் என்று ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். செய்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசி வரியில், விலை ஏறினால் வெளிநாட்டிலிருந்து முட்டையும் கோழியும் இறக்கிக் கொடுக்க வேண்டும் என்று நுகர்வோர் கேட்பதாக இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் முட்டைக்கோழி வளர்க்கிறவன். பெரிய பண்ணை இல்லை, ஐந்நூறு கோழிக்குக் கிட்ட நிற்கும். ஆகவே இதில் எனக்குச் சொந்த நலன் இருக்கிறது, வாசிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டே வாசிக்கட்டும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முட்டையிடுகிற கோழி ஒன்று ஒரு நாளைக்கு 110 கிராம் அளவில் தீன் தின்னும். நூறு கோழி நின்றால் நல்ல பருவத்தில் எண்பதோ எண்பத்தைந்தோ முட்டை கிடைக்கும், நூறு கிடைக்காது. ஆக ஒரு முட்டைக்குப் பின்னால் கிட்டத்தட்ட 130 கிராம் தீன் இருக்கிறது. தீன் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் முட்டைக்கு 1 ரூபாய் 30 சதம் ஏறத்தான் வேண்டும், ஏறாவிட்டால் அது எங்கள் கையைக் கடிக்கும். என் கூட்டுக்கு அது ஒரு நாளைக்கு 550 ரூபாய். மருந்து, உமி, கறன்ட், கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தச் செலவில் பத்தில் ஆறேழு பங்கு தீனுக்குத்தான் போகிறது. அந்தத் தீனில் பெரும்பங்கு சோளம் (மக்காச்சோளம்), அதற்கடுத்தது சோயாப் புண்ணாக்கு. சோயாவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. சோளம் மொனராகலை, அனுராதபுரம், அம்பாறைப் பக்கம் விளைகிறது, போதாததை அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்து இறக்குவிக்கிறது. எவ்வளவு, எந்த மாதம் என்பதெல்லாம் கொழும்பில் தீர்மானமாகிற விஷயம். பிறகு அது தீன் ஆலைக்குப் போய், மூடையாகி, ஏ9 வீதியால் லொறி ஏறி எங்களிடம் வரும்போது லொறிக்கூலியும் மூடையோடு சேர்ந்து வருகிறது. குஞ்சும் அப்படித்தான், தெற்கில் பொரித்து இரவோடு இரவாக ஏற்றி வருகிறார்கள். யாழ்ப்பாணத்து முட்டை தெற்கு முட்டையைவிட விலை கூடியது என்று குறைப்படுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இனி நடந்ததைப் பார்ப்போம். 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நெல்லைப் பற்றி எல்லோரும் கதைத்தார்கள், சோளத்தைப் பற்றிக் கதைத்தவர் குறைவு. அதற்கு முன்னமே, 2018இல் இருந்து, சேனாப் படைப்புழு சோளத்தைத் தின்றுகொண்டிருந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் பெரும்போகம் என்கிற அந்த மழைக்கால விதைப்பு போனது போனதுதான். அடுத்த வருடம் டொலர் இல்லை, சோளமும் இல்லை, சோயாவும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறன்ட் நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆனால் கோழிக்குஞ்சுக்கு முதல் இரண்டு கிழமையும் சூடு வேண்டும் என்பது கூடு வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். மின்குமிழ் எரியாத இரவுகளில், மண்ணெண்ணெயும் கிடைக்காமல், மண்சட்டியில் சிரட்டைக்கரியை மூட்டி, மேலே சாம்பலைத் தூவி, வாயில் தகரத்துண்டு ஒன்றை வைத்துக் குஞ்சுகளுக்கு நடுவே விடுவோம். சூடு குறையக் குறைய அவை ஒரு மூலையில் குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் அகப்பட்டது நசிந்து செத்துவிடும், ஆகவே விடியும்வரை பக்கத்தில் குந்தியிருந்து கையால் விலக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் காப்பாற்றிய குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட வருகிற நேரத்தில், தீன் வாங்க வழியில்லாமல் இறைச்சிக்கு விற்றுவிட்டு வெறும் கூட்டோடு நின்றவர்கள் இந்தப் பகுதியில் எத்தனையோ பேர்.

முட்டைத் தட்டுப்பாடு வந்ததும் அரசாங்கம் முதலில் தேடியது தீனை அல்ல. 2022 ஆகஸ்ட்டில் உச்ச விலை வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என்று வர்த்தமானி போட்டார்கள். எங்களுக்கு அந்த விலை கட்டவில்லை, அதனால் கடைகளில் முட்டை ஒளிந்துகொண்டது, தெரிந்த ஆக்களுக்கு மட்டும் பின்பக்கத்தால் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் இன்னொரு வர்த்தமானி, இந்த முறை கிலோக் கணக்கில், வெள்ளை முட்டை 880, சிவப்பு 920. முட்டையைத் தராசில் நிறுத்து விற்கும்படி கொழும்பிலிருந்து சொல்கிறார்கள் என்று வாசித்துக் காட்டியபோது என் மனைவி சிரித்த சிரிப்பில் கூட்டில் நின்ற கோழிகளே மிரண்டன. இதற்கிடையில் 2023 மார்ச்சில் அரச வர்த்தகக் கூட்டுத்தாபனம் மூலம் இந்திய முட்டை கப்பலில் வந்து இறங்கியது. முதலில் பேக்கரிக்காரருக்கு மட்டும் என்றார்கள், பிறகு அரசாங்கக் கடையான சதொசவில் 35 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கும் விற்றார்கள்.

வாங்கிச் சாப்பிட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுக்க யோசிக்க வேண்டியிருந்த காலம் அது, 35 ரூபாய்க்குக் கிடைத்தால் யார் விடுவார்கள்? என் கோபம் வேறு. முட்டையை இறக்க டொலர் இருந்தது, சோளத்தை நேரத்துக்கு இறக்க மட்டும் டொலர் இல்லை. முட்டையாக இறக்கினால் அந்தக் காசில் குஞ்சு பொரிப்பவனுக்குக் கூலியில்லை, தீன் ஆலையில் மூடை கட்டுகிறவனுக்கு வேலையில்லை, எனக்கும் இல்லை. சோளமாக இறக்கினால் அத்தனை பேரும் அதில் சாப்பிட்டிருப்பார்கள், முட்டையும் கிடைத்திருக்கும்.

இங்கேதான் நேரம் என்கிற விஷயம் வருகிறது, இதை அமைச்சில் இருப்பவர்கள் அறியாமலிருக்க முடியாது. கப்பலில் முட்டை கொண்டுவரக் கையெழுத்திலிருந்து சில கிழமை போதும். கோழி அப்படியல்ல. தாய்க்கோழிகளை ஒருநாள் குஞ்சாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள், அவை முட்டையிட ஆறு மாதத்துக்குக் கிட்ட ஆகும். அந்த முட்டை பொரிக்க 21 நாள். பொரித்த குஞ்சு என் கூட்டில் வளர்ந்து முதல் முட்டை போட இன்னும் 18 முதல் 20 கிழமை. எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு வருடம் சுணங்கும். ஆகவே தட்டுப்பாட்டில் இறக்குமதி முட்டை வந்து, அது முடிகிறது முடிகிறது என்று மாதக்கணக்கில் நீளும்போது, துணிந்து கடன்பட்டுக் குஞ்சு விட்டவனின் முட்டையும் அதே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. 60 ரூபாயைத் தொட்ட முட்டை 2025 தொடக்கத்தில் 30 ரூபாயை ஒட்டி விழுந்ததற்கு உள்ளே போனால் இந்தக் கணக்குத்தான் இருக்கும். விலை ஏறினால் எல்லோரும் ஒன்றாகக் குஞ்சு விடுவோம், ஐந்து மாதம் கழித்து எல்லோரும் ஒன்றாக நட்டப்படுவோம், இதில் எங்கள் பக்கத்துப் பிழையும் உண்டு.

இந்திய முட்டைக்குப் பேர்போன தமிழ்நாட்டு நாமக்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே மலிவு என்றால் மாயமில்லை. சோளமும் சோயாவும் சொந்த நாட்டில் விளைகிறது, பண்ணைகள் லட்சக்கணக்கில் கோழி வைத்திருக்கின்றன. அதைவிட முக்கியமானது, 1982இல் இந்தியாவில் பண்ணையாளர்கள் சேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள், இன்றைக்கும் அது விலையை அறிவிக்கிறது. அத்தோடு தமிழ்நாட்டு அரசு பள்ளிக்கூடச் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கிறது, அது எவ்வளவு பெரிய நிரந்தரக் கொள்வனவு என்று யோசித்துப் பாருங்கள். எங்களிடம் முட்டையை வாங்க இருப்பவர் மோட்டார் சைக்கிளில் வருகிற வியாபாரி ஒருவர்தான், அவர் சொல்வதே விலை.

சரி, கோழி இறைச்சிக்கு வருகிறேன். உறைந்த கோழியைத் திறந்துவிட்டால் விலை பாதியாகும் என்று தேத்தண்ணீர்க்கடையில் கதைக்கிறார்கள். ஆகலாம், கொஞ்ச நாளைக்கு. கானா நாட்டில் அப்படித் திறந்துவிட்டு, ஐரோப்பாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறைந்த துண்டுகள் வந்து குவிந்து, உள்ளூர்ப் பண்ணைகள் படுத்துவிட்டன. 2003இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் கோழி மீதான வரியை 20இல் இருந்து 40 வீதமாக்கச் சட்டம் போட்டது, ஆனால் கடன் கொடுத்தவர்களோடு பேசிய பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் கடனில் நிற்கிற எங்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. அமெரிக்காவில் ஆக்கள் நெஞ்சு இறைச்சியைத்தான் விரும்பி வாங்குகிறார்கள், அதற்கு நல்ல விலை, ஆகவே கால்துண்டை எந்த விலைக்கும் வெளியே தள்ள அவர்களுக்குக் கட்டும். அந்த விலையோடு எந்தப் பண்ணையும் போட்டி போட முடியாது. தென்னாபிரிக்கா 2015இல், தன் வேறு பொருட்களுக்கு அமெரிக்கா கொடுத்த வரிச்சலுகை பறிபோகாமல் இருக்க, வருடத்துக்கு 65,000 தொன் அமெரிக்கக் கோழித்துண்டுக்குக் கதவு திறக்க ஒத்துக்கொண்டது. எங்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்காக வரி குறைக்கச் சொல்லி வொஷிங்டனோடு பேசும்போது, மேசைக்கு மறுபக்கத்தில் இருப்பவர்கள் என்ன கேட்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் தேடத் தேவையில்லை. இலங்கை கோழியிலும் முட்டையிலும் தன்னிறைவாக இருந்த நாடு, மாலைதீவுக்கு இறைச்சி அனுப்பிய நாடு. அதைக் கை தவறவிட்டால் திரும்ப எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் மேலே சொன்ன ஒரு வருடக் கணக்கை இன்னொரு தரம் பார்க்கட்டும்.

வேலை என்று பார்த்தால் எங்கள் மாவட்டத்துக்கு இது வேறு மாதிரியான தொழில். போர் முடிந்த 2009க்குப் பிறகு வாழ்வாதார உதவி என்று எத்தனையோ குடும்பங்களுக்குக் குஞ்சும் கூடும் கொடுத்தார்கள், அதில் கணவனை இழந்த பெண்கள் கனபேர். ஐம்பது கோழி, நூறு கோழி. நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்க, அந்த முட்டைக்காசில் தவணை கட்டினவர்கள் அவர்கள். எந்தத் தொழிற்படைக் கணக்கிலும் இவர்கள் வரமாட்டார்கள், கூடு வெறுமையானால் வேலை இழந்தவர்களின் கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்களோடு தீன்கடையில் மூடை இறக்குகிறவர், சந்தையில் கோழி உரிக்கிற பெடியன், எரு ஏற்றுகிற லான்ட்மாஸ்டர்காரர் என்று சங்கிலி நீளும். எருவைச் சும்மா நினைக்காதீர்கள். நீர்வேலி வாழைக்கும் எங்கள் பக்கத்து வெங்காயத்துக்கும் கோழி எருதான் போகிறது, பசளைத் தடை இருந்த அந்த வருடம் முட்டையைக் கேட்டு வந்தவர்களைவிட எருவைக் கேட்டு வந்தவர்கள் கூட.

சின்னப் பண்ணையின் கஷ்டங்கள் வேறும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கோழி வாய் பிளந்து இளைக்கும், பக்கத்துக்குச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு மத்தியானம் முழுக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தடுப்பு மருந்துப் போத்தல் நூற்றுக்கணக்கான கோழிக்கு உரிய அளவில் வரும், உடைத்தால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், நாற்பது கோழி வைத்திருக்கிற அம்மா என்ன செய்வார்? அயலில் நாலு பேரைச் சேர்த்து ஒரே காலையில் போடலாம், கால்நடை வைத்தியர் அலுவலகங்கள் மனம் வைத்தால் அந்த நாளைக் குறித்துக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் டொலர் தேவையில்லை.

டொலர் தேவைப்படுகிற விஷயத்துக்கு நான் கேட்பது இவ்வளவுதான். பெரும்போகச் சோளம் எவ்வளவு வரும் என்று ஓரளவு தெரிந்தவுடனே, குறையும் அளவை எந்த மாதம் எவ்வளவு இறக்கப்போகிறோம் என்று பகிரங்கமாகச் சொல்லட்டும். உள்ளூர்ச் சோளக்காரன் அறுவடை செய்கிற மாதத்தில் கப்பலைக் கொண்டுவந்து அவனையும் கொல்லக்கூடாது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் சோளம் விதைக்கக் காணி கிடக்கிறது, வாங்குவதற்கு ஆள் நிச்சயம் என்றால் விதைப்பார்கள், வடக்கிலேயே சின்னதாக ஒரு தீன் ஆலை போட்டால் தெற்குக்கு மூலப்பொருள் போய்த் திரும்பி வருகிற லொறிக்கூலி மிச்சம். முட்டை இறக்கியே தீர வேண்டிய நிலை வந்தால் பேக்கரிக்கு மட்டும், முடிகிற திகதியை முதலே போட்டு இறக்கட்டும். மாகாணத்துப் பாடசாலை உணவுக்கு முட்டை வாங்குவதென்றால், ஐம்பது, நூறு கோழி வைத்திருக்கிறவர்களைக் கூட்டுறவுச் சங்கம் மூலம் சேர்த்து அவர்களிடம் வாங்கலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும், ஆசிரியரே. யாழ்ப்பாணத்து மருதனார்மடம், திருநெல்வேலிச் சந்தைகளின் மரக்கறி விலையைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம், தக்காளி கிலோ என்ன விலை என்று லண்டனில் இருப்பவருக்கும் தெரியும். அதே கட்டத்தில் முட்டைக்கோழிக்கான லேயர் தீன் ஒரு மூடை என்ன விலை, ஒருநாள் குஞ்சு என்ன விலை, பண்ணை வாசலில் முட்டை என்ன விலை, கடையில் என்ன விலை என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள். வியாபாரி வந்து விலை சொல்லும்போது பத்திரிகையை விரித்துக் காட்ட எங்களுக்கும் ஒன்று இருக்கும்.

இப்படிக்கு,
முட்டைக்கோழி வளர்ப்பவர் ஒருவர்,
புத்தூர்.