பயிற்சி மாணவர்களுக்குக் கிராமசபையில் பத்து நிமிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேலூர் பக்கத்தில் கோடை விடுமுறை முடியும் சமயத்தில் தவறாமல் ஒரு படம் வரும். கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக நின்று சான்றிதழைத் தூக்கிக் காட்டுவார்கள். கிராமத் திட்டமிடல், மேடைப்பேச்சுப் பயிற்சி நிறைவு விழா என்று கீழே போட்டிருக்கும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அணைக்கட்டு ஒன்றியத்தில் ஊராட்சி செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். கிளார்க் என்று சொன்னால்தான் ஊரில் பலருக்குப் புரியும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வரைபடம், வீட்டுவரிப் பதிவேடு எல்லாம் எடுத்துக் கொடுத்தது நான்தான். அவர்கள் வரவேண்டும் என்பதுதான் என் கட்சி. நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. கே.வி.குப்பம் ஒன்றியத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் கிராமச் சுகாதார, சமூகப்பணி மையமான ருசா 1977 முதல் நடக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் பார்க்காத கிராமமும் இங்கே அபூர்வம்.

குறை எங்கே என்றால், நாளில். மே மாதம் வருகிறார்கள். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து கணக்கெடுக்கிறார்கள். ஜூன் கடைசியில் கல்லூரி அரங்கில் பவர்பாயிண்ட் போட்டுப் பேசிக் கைதட்டல் வாங்குகிறார்கள். எந்தத் தெருவுக்காகத் திட்டம் போட்டார்களோ, அந்தத் தெருக்காரர் ஒருவர்கூட அந்த அரங்கில் இருக்க மாட்டார். ஆகஸ்ட் 15 கிராமசபை வரும்போது பிள்ளைகள் அடுத்த செமஸ்டருக்குப் போயிருப்பார்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கை ஊராட்சி அலுவலக பீரோவில் கிடக்கும். ஓய்வு பெறும்போது அப்படி ஓர் அடுக்கையே நான் எண்ணி ஒப்படைத்தேன்.

ஒரு முறை மட்டும் வேறு மாதிரி நடந்தது. சமூகப்பணி படிக்கும் குழு ஒன்று, தேர்வு அட்டவணை மாறியதால் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. கோயில் எதிரே இருக்கும் சிமெண்ட் தளத்தில் கோலமாவால் ஊரை வரையச் சொன்னார்கள். பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று அவர்கள் பாடத்தில் பெயர். பெண்கள் தெருக்களை இழுத்தார்கள், டேங்கை வட்டமாகப் போட்டார்கள், குழாய்க்கு ஒன்று வீதம் புளியங்கொட்டை வைத்தார்கள். பிள்ளைகள் செல்போனில் படம் எடுக்கப்போன நேரம், மேட்டுத் தெருப் பாட்டி ஒருவர் குனிந்து கடைசி மூன்று கொட்டைகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "கொழா கீது கண்ணு, தண்ணிதான் வரல. அத்த ஏன் வெச்சிக்கினு?" என்றார்.

அந்தக் குழுவில் வாலாஜா பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நாலு பேர் முன்னால் பெயர் சொல்லச் சொன்னாலே குரல் உள்ளே போய்விடும். அவள் மறுநாள் விடியற்காலை, ஆபரேட்டர் வால்வு திறக்கும் முன்பே ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு போய் நின்றாள். கீழ்த் தெரு முதல் குழாயில் 15 லிட்டர் குடம் ஒரு நிமிடத்துக்குள் நிரம்பியது. மேட்டுத் தெருக் கடைசிக் குழாயில் 12 நிமிடம். வால்வு திறந்திருப்பது ஒரு மணி நேரம். ஆக ஐந்து குடம், 75 லிட்டர். அந்தக் குழாயை நம்பி மூன்று வீடுகள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 220. எங்கள் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். ஒருமுறை நிரப்பினால் 545 பேருக்குப் போதும். அந்தத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பவர்கள் அத்தனை பேர் இல்லை. புது போர்வெல் வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் மனு எழுதிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் தன் நோட்டைக் காட்டி, தண்ணீர் இருக்கிறது சார், பிரிப்பதில்தான் கோளாறு என்றாள். கீழ்த் தெருவுக்குப் போகும் கிளையில் ஒரு கேட் வால்வு போட்டு, அதை மூடி வைத்து மேட்டுத் தெருவுக்கு முதலில் விட்டால் தீர்ந்தது. ஓவர்சியர் வந்து பார்த்தார். சரி என்றார். எஸ்டிமேட் ஒரே பக்கம்.

மே 1 கிராமசபை. முதலில் பேசிய பையன் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவனாம். அன்பார்ந்த தாய்மார்களே என்று ஆரம்பித்து ஒரு குறள், காந்தி, இந்தியாவின் ஆன்மா கிராமங்களில் என்று போனான். நல்ல குரல். ஆனால் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது ஏறும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அந்தப் பெண். தாள் நடுங்குவது எனக்கே தெரிந்தது. வணக்கம்கூட சொல்லவில்லை, நேரே குழாய்க் கணக்கைப் படித்தாள். முதல் குழாய் இத்தனை வினாடி, அடுத்தது இத்தனை. நாலாவது குழாய்க்கு வருவதற்குள் மரத்தடிப் பேச்சு நின்றுவிட்டது. கீழ்த் தெருக்காரர் ஒருவர் எழுந்து, "அப்போ எங்க தண்ணிய நிறுத்தப் போறீங்களா?" என்று சத்தம் போட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்க வீட்டுத் தொட்டி எத்தனை மணிக்கு ரொம்புதுண்ணா?" "ஆறேகாலுக்கு." "அப்புறம்?" அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து யாரோ, "வாய்க்காலுக்குப் போவுது" என்றார்கள். சபையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். தீர்மானத்தை நான் எழுதினேன். ஆடிக்கு முன்பே வால்வு வந்துவிட்டது.

மேடையில் நிற்கும் விதம், கையை எப்படி வைப்பது, கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுப்பதை நான் கேலி செய்யவில்லை. கோட்டை மைதானத்துக் கூட்டங்களில் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். குரலின் அருமை தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வந்தது குடம் பிடித்து எண்ணியதால்தான். குறுக்கே கேள்வி வராத அரங்கில் எத்தனை முறை பேசினாலும் அந்தப் பழக்கம் வராது.

இன்னொன்று, பிள்ளைகள் போடும் திட்டங்களில் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற பகுதியே பெரும்பாலும் இருக்காது. ஸ்மார்ட் கிராமம், ஒரு கோடி என்று எழுதிவிடுவார்கள். 2021 முதல் 2026 வரையிலான மத்திய அரசின் 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊராட்சி தன் விருப்பப்படி வேலை எடுக்க முடிந்தது. நமக்கு நாமே திட்டம் என்றால் பொதுவாக ஊரார் மூன்றில் ஒரு பங்காவது போட வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் ஒரு பகல் உட்கார்ந்தால் இதெல்லாம் தெரிந்துவிடும். எந்தக் கல்லூரியும் அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

அதனால் என் கோரிக்கை இதுதான். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வேலூர் மாவட்டக் கல்லூரிகள் பயிற்சி நாட்களைக் குறிக்கும்போது, கடைசி நாள் இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும். அக்டோபர் 2 என்றால் இன்னும் நல்லது. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்ட வேலை அதை ஒட்டித்தான் தொடங்கும், பிள்ளைகள் சொல்வதற்கு அதில் இடம் கிடைக்கும்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியூர்ப் பிள்ளைகள் வாக்காளர் பட்டியலில் இல்லாததால் கிராமசபை உறுப்பினர் ஆகமாட்டார்கள். ஆனால் நீங்கள் அனுமதித்தால் விளக்கம் சொல்லலாம், தீர்மானத்தை உள்ளூர்க்காரர் ஒருவர் முன்மொழியலாம். எங்கள் ஊரில் அந்தப் பாட்டியின் மகள்தான் முன்மொழிந்தார். பத்து நிமிடம் கொடுங்கள், கேள்வி கேட்க ஊராருக்கும் நேரம் விடுங்கள். மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 200 பேர் வேண்டும்; குழாய்ப் பேச்சு என்று முன்கூட்டியே தண்டோரா போட்டால் அந்தக் கூட்டம் தானாகச் சேரும்.

தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலில் முத்திரை போட்டு அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். அந்தப் பெண் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வேலைக்கு நேர்முகத் தேர்வு போனபோது சான்றிதழை மடித்து வைத்துவிட்டு அதைத்தான் நீட்டியதாகப் பிறகு போன் செய்து சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி செயலர்,
அணைக்கட்டு ஒன்றியம், வேலூர் மாவட்டம்.