பட்டறை அடுப்பு மறுபடி எரிகிறது

கோவில்பட்டி மக்களுக்கும், எங்கள் கடலைமிட்டாய் வாங்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

நேற்று மீண்டும் பாகு காய்ச்சினோம். மழை என்ன செய்துவிட்டுப் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேறு அள்ளிய தம்பிமார், மூட்டைகளை மாடிக்கு ஏற்றிய லோடுமேன் அண்ணன்மார், பழைய பாக்கியைக் கேட்காமல் வெல்லம் அனுப்பிய தேனி வியாபாரி, சம்பளம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று வந்து கடலை புடைத்த அக்காமார், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

எதிர்த்தெரு அண்ணாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவரும் கடலைமிட்டாய்க்காரர்தான். தாத்தா காலத்தில் இருந்தே இரண்டு கடைக்கும் போட்டி. வெள்ளம் வடிந்தபின் ஊரில் காய்ந்த விறகே கிடைக்கவில்லை. எங்கள் அடுப்போ விறகடுப்பு. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு வண்டி விறகு நிற்கிறது. தன் பரணில் அடுக்கியிருந்ததில் பாதியை அனுப்பியிருந்தார். பின்னாலேயே அவரும் வந்தார். "வெல்லம் ஈரம் வாங்கியிருக்கும்லா, பாகு லேசுல ஏறாது. நான் நிக்கேன்" என்றார்.

நின்றார். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். வளைந்தால் தலையை ஆட்டுவார். கடைசியில் அது கல்லாக இறுகி டக்கென்று உடைந்தது. "சரி, கடலையைக் கொட்டு." பலகையில் பரப்பி உருட்டி முடித்ததும், மேலே கலர் தேங்காய்ப்பூவைத் தூவியதும் அவர்தான்.

1940-களில் பொன்னம்பல நாடார் இங்கே தொடங்கிய தொழில் இது. அவரைப் பார்த்துத்தான் எங்கள் தாத்தா மாதிரி பலரும் அடுப்பு மூட்டினார்கள். கரிசல் மண்ணில் விளைந்த கடலைதான் எல்லோருக்கும் முதல். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று ஊர்ப் பெயருக்குத்தான். அந்தப் பெயரை ஊரே சேர்ந்து காப்பாற்றுகிறது என்பதை நேற்று என் கண்ணால் பார்த்தேன்.

இனி எங்கள் பரணில் ஒரு பங்கு விறகு எப்போதும் காய்ந்திருக்கும். எந்தப் பட்டறைக்குத் தேவைப்பட்டாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், கேட்கக்கூட வேண்டாம்.

பொங்கலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பொறுத்திருப்பவர்களுக்குத்தான் முதல் பெட்டிகள். கடை பழைய நேரத்துக்கே திறந்திருக்கும், வாங்க.