சர்வர் திரையில் இப்போது வரிகள் ஓடாதது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் சர்வர்களைப் பராமரிக்கும் எங்கள் வேலை எப்படி என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருப்பூரில் ஷிப்மெண்ட் நெருக்கடியில் ராத்திரி போன் அடித்தாலும் எடுத்திருக்கிறோம், வந்தும் நின்றிருக்கிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு ஆடியோ சுற்றுவதைக் கேட்டிருப்பீர்கள். "சர்வர் ஸ்கிரீன்ல எப்பவும் எழுத்து ஓடிக்கிட்டே இருக்கும், இப்ப ஒண்ணும் ஓடலைங்க. பார்த்துக்கிட்டிருந்த பையன் வேலையை விட்டுப் போயிட்டான். ஆளில்லாம ஃபயர்வாலையே ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க" என்கிறது அது. தம்பி பெங்களூருக்கு நல்ல சம்பளத்தில் போனது உண்மை, எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஃபயர்வாலை நிறுத்திவிட்டோம் என்பது சுத்தப் பொய். யாருடைய சர்வரிலும், ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை.

நடந்தது இதுதான். உங்கள் லினக்ஸ் சர்வரில் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வேண்டாத பாக்கெட்டை, அதாவது இணையத்தில் வரும் தரவுத் துண்டை, அது தடுக்கும். தடுத்ததைப் பதிவும் செய்யும். இவை இரண்டும் தனித்தனி விதிகள். 'லாக்' என்ற விதி எழுத மட்டும் செய்யும், தடுக்காது. அதற்கு அடுத்த 'டிராப்' என்ற விதிதான் தடுக்கும். நாங்கள் கை வைத்தது முதல் விதியிலும், அதன் வரிகள் போய்ச் சேரும் இடத்திலும் மட்டுமே. டிராப் விதியைத் தொடவே இல்லை.

திரையில் ஓடிய வரியில் எஸ்ஆர்சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அனுப்பியவரின் ஐபி முகவரி இருக்கும். டிபிடி என்பதற்குப் பக்கத்தில் எந்தக் கதவைத் தட்டினார் என்ற எண் இருக்கும். 23 என்றால் டெல்நெட், 445 என்றால் விண்டோஸ் ஃபைல் ஷேரிங், 3389 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். இணையத்தில் நேரடி ஐபி வைத்திருக்கும் எல்லோருடைய கதவையும் தானியங்கி நிரல்கள் இப்படித் தட்டிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் கம்பெனியை யாரோ குறிவைத்துத் தாக்குகிறார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. வரி ஓடினால்தான் காவல் இருக்கிறது என்பதும் இல்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தரும் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை அவசர அளவு உண்டு. எண் சிறிதானால் அவசரம் அதிகம். ஃபயர்வால் வரிகள் வழக்கமாக 4-இல் வரும். திரையின் அளவு 7 என்று இருந்ததால் அவை எல்லாம் கொட்டின. இப்போது அதை 4 ஆக்கியிருக்கிறோம். 0 முதல் 3 வரையிலான செய்திகள் மட்டும் திரைக்கு வரும். அதாவது டிஸ்க் பழுதாகத் தொடங்கினால் அந்த எச்சரிக்கை இனி உங்கள் கண்ணில் படும். முன்பு அது வந்த வேகத்திலேயே மற்ற வரிகளுக்குள் காணாமல் போய்விடும். நிலைமை இப்போது மேம்பட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

சரி, வரிகள் எங்கே போயின? ஒரே வரி சிஸ்லாக், கெர்ன்லாக், ஜர்னல் என்று மூன்று பதிவேடுகளில் எழுதப்பட்டு வந்தது. ஒரு டையிங் யூனிட்டில் இப்படியே டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்று, இன்வாய்ஸ் போட முடியாமல் லாரி வாசலில் காத்திருந்தது. அதனால் ஃபயர்வால் வரிகளுக்கு ஒரு முன்குறி வைத்து, பதிவுகளைப் பிரித்து அனுப்பும் ஆர்சிஸ்லாக் என்ற நிரல் மூலம் தனிக் கோப்புக்குத் திருப்பினோம். லாக்ரொடேட் என்ற இன்னொரு நிரல் தினமும் அதைச் சுருக்கி எடுத்து வைக்கிறது. ஜர்னலுக்கும் உச்ச அளவு போட்டாயிற்று. ஒரே ஆள் நூறு தடவை தட்டினால் நூறு வரி எழுதாமல், நிமிடத்துக்கு இத்தனை என்று வரம்பும் வைத்தோம். வரம்பு எழுதுவதற்கு மட்டும்தான். நூறு தட்டலும் தடுக்கப்படும்.

பதிவை அழித்துவிட்டோம் என்றும் சிலர் கேட்டார்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 28-4-2022 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் என்றால் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு அதே ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த 180 நாள் கணக்கில்தான் உங்கள் கோப்புகள் இருக்கின்றன. கடிகாரத்தையும் மத்திய அரசின் தேசியத் தகவல் மையமான என்ஐசியின் நேர சர்வரோடு இணைத்திருக்கிறோம். இரண்டு மெஷினில் நேரம் வேறு வேறாக இருந்தால், எது முதலில் நடந்தது என்று பதிவை வைத்துச் சொல்லவே முடியாது.

ஃபயர்வால் விஷயத்துக்கு மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷம் உங்கள் கணக்குகளையும் பையர்களின் டிசைன்களையும் நம்பி எங்களிடம் விட்டிருக்கிறீர்கள். சம்பளம் மிச்சம் பிடிக்கக் கதவைத் திறந்து போடுகிறவர்கள் இல்லை நாங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் சர்வரிலேயே பார்த்துவிடலாம். ஐபிடேபிள்ஸ் கட்டளையோடு எல், வி, என் என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து (iptables -L -v -n) அடித்தால் ஒவ்வொரு விதிக்கும் முன்னால் பாக்கெட் எண்ணிக்கை தெரியும். டிராப் வரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். கூடியிருக்கும். நிறுத்திய ஃபயர்வாலில் அந்த எண் அசையாது.

ஆடியோவைக் கேட்டதும் அதை யாருக்கும் அனுப்பாமல், நேராக எங்களுக்குப் போன் செய்து விசாரித்த வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். "நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் கேட்டுக்கறேன்" என்றார் ஒருவர். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் கடை மொத்தமும் கடன்பட்டிருக்கிறது. திரை வெறுமையாக இருப்பதைப் பார்த்து யாராவது பயந்திருந்தால் வருந்துகிறோம்.

புதிய ஆள் சேர்ந்து பழகும் வரை நேரில் வருவது மாதம் இருமுறைக்குப் பதில் ஒருமுறையாக இருக்கும், ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்புத் தொகையும் அடுத்த புதுப்பிப்பில் 15 சதவீதம் கூடும். போன் எப்போதும் போல எடுப்போம்.

சனிக்கிழமை மாலைகளில் கடையில்தான் இருப்பேன். உங்கள் அக்கவுண்டன்டையோ ஆபீஸ் பையனையோ அனுப்பி வையுங்கள். அந்த எண்ணைப் பார்ப்பது எப்படி என்று காட்டித் தருகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை.

நன்றியுடன்,
உரிமையாளர்