ஏழு நாளுக்கு ஐந்து சமையல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாரம் முழுவதும் என்ன சமைப்பது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு, அதற்கேற்ப மளிகையும் காய்கறியும் வாங்குங்கள் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் கூடவே அச்சாகும் அட்டவணையில் ஏழு நாளுக்கும், மூன்று வேளைக்கும் வெவ்வேறு பண்டம் எழுதி எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அட்டவணை பெரும்பாலும் வாரத்தின் நடுவிலேயே நின்றுபோகும். நின்ற பிறகு, அதை நம்பி வாங்கிய காய்கறி குப்பைக்குப் போகிறது. 2022-இல் உலகில் கடை, உணவகம், வீடு ஆகியவற்றில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் கணக்குச் சொன்னது. எனவே அட்டவணையை எப்படிப் போடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘என்ன சாப்பிடலாம்’ என்ற கேள்வியில் தொடங்கக் கூடாது. கடைக்குப் போவதற்கு முந்தின நாள் ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், மளிகை அலமாரி மூன்றையும் திறந்து பார்த்து, மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டியதை மட்டும் ஒரு தாளில் எழுத வேண்டும். பத்து நிமிட வேலை. வாரத்தின் முதல் இரண்டு சமையலை அந்தத் தாள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான், அலமாரியின் பின்வரிசையில் ஒரு பாக்கெட் பருப்பு பிரிக்காமல் இருக்க, இன்னொன்றை வாங்கி வருகிறார்கள்.

அடுத்து, ஏழு இரவுகளுக்கு ஐந்து சமையல் மட்டும் எழுதுங்கள். ஒரு நாள் மீந்தவற்றுக்கு. இன்னொரு கட்டம் வெறுமனே இருக்கட்டும். திடீர் விருந்தாளி, வேலை முடிய நேரமாவது, அசதி, இவற்றில் ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் வாரம் ஒருமுறை வரும். ஏழு கட்டத்தையும் நிரப்பியிருந்தால், ஒரு நாள் தவறியதும் அன்றைய காய் மறுநாளுக்குத் தள்ளப்படும், மறுநாள் காய் அதற்கடுத்த நாளுக்கு. கடைசியில் இருப்பது அழுகிவிடும். வெறும் கட்டத்துக்கென்று அரிசி, உலர் பயறு, முட்டை, வெங்காயம் என்று எளிதில் கெடாத பொருளில் ஆகும் ஒரு சமையல் எப்போதும் கைவசம் இருந்தால் போதும்.

அந்த ஐந்தையும் எந்த வரிசையில் வைப்பது? கெடும் வரிசையில். கீரை, தழை, காளான் ஆகியவை வாங்கிய முதல் இரண்டு நாளுக்குள். பச்சை மீன், கோழி, கொத்துக்கறி ஆகியவையும் ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் நிற்காது. அதற்குள் சமைக்க முடியாது என்றால் வாங்கிய அன்றே ஃப்ரீசருக்குப் போக வேண்டும். பீன்ஸ், வெள்ளரி, கத்தரி, காலிஃபிளவர் நடுவாரத்துக்கு. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி, உருளை கடைசி நாட்களுக்கு. வரிசை சரியாக இருந்தால் வாரத்தில் ஒரே நாள் கடைக்குப் போனாலும் ஏழாம் நாள் நல்ல காய் மிஞ்சியிருக்கும்.

வைக்கும் விதமும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். கீரையைக் கழுவி ஈரத்தோடு பையில் அடைத்தால் விரைவில் குழைந்துவிடும். ஆய்ந்து, உலர்ந்த துணியிலோ தாளிலோ சுற்றி வைத்து, சமைக்கும்போது கழுவ வேண்டும். ஆப்பிள், வாழைப்பழம், பழுக்கும் தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரையோ வெள்ளரியோ இருந்தால் அது சீக்கிரம் மஞ்சளாகும், கேரட் கசக்கும். உருளைக்கிழங்கு ஃபிரிட்ஜுக்கு உரியதல்ல. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுக்கும்போது கருகும். இருட்டான, காற்றோட்டமான இடம் அதற்குப் போதும். வெங்காயத்தோடு சேர்க்காமல் தனியாக.

அளவு எழுதாத பட்டியலால் பயனில்லை. ஒரு வேளைக்குப் பெரியவர் ஒருவருக்கு அரிசி 75 முதல் 100 கிராம், உலர்ந்த பருப்பு 40 முதல் 50 கிராம் என்று வைத்துக்கொண்டு, ஒரு வாரம் பார்த்து உங்கள் வீட்டுக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். காயும் பழமும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 11.2 கிலோ ஆகிறது. தோல், தண்டு, கொட்டை கழிவதால் வாங்கும் எடை இதைவிடக் கூடும். பட்டியலில் ‘கேரட்’ என்று மட்டும் எழுதாமல் ‘கேரட் 500 கிராம், வெள்ளி இரவு’ என்று எழுதினால், கடையில் கேரட் நன்றாக இல்லாதபோது எதை மாற்றி வாங்குவது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். எண்ணெய், உப்பு, மசாலா ஆகியவற்றுக்கு வாரக்கணக்கு வேண்டாம். இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று பட்டியலில் ஏற்றினால் சரி.

விடுமுறை நாளில் வாரம் முழுவதுக்கும் சமைத்து ஃபிரிட்ஜில் அடுக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. இதில் எச்சரிக்கை தேவை. சமைத்த உணவு 4 டிகிரி செல்சியஸிலும் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்கத் தக்கதல்ல. ஞாயிறு சமைத்ததில் புதனுக்குப் பிறகு வேண்டியதை அன்றே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். இறக்கிய சமையலை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும் என்பதால், ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும். சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ‘நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டோமே’ என்பது இங்கே செல்லாது. சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்து, மறுநாளே தீர்ப்பது நல்லது.

ஃப்ரீசரை நம்பிய திட்டங்கள் ஒரு சிறிய மறதியால் கெடுகின்றன. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ‘கோழி’ என்று எழுதியிருக்கும். வியாழன் இரவு அதை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்காது. மறுநாள் மாலை கட்டியாக இருப்பதை மேடையில் வைத்தால், உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கிவிடும். எனவே வியாழன் கட்டத்தில் ‘கோழியை இறக்கு’ என்பதும் ஒரு வேலையாக எழுதப்பட வேண்டும். கீழ்த்தட்டு என்று சொல்வது அதன் நீர் மற்ற உணவின் மேல் சொட்டாமல் இருக்க. ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி உறையவைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும்.

தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். திட்டம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் வீட்டில் அவர் ஒருவரேதான் எப்போதும் சமைக்க வேண்டியிருக்கும். எழுதி ஒட்டியிருந்தால் முதலில் வீடு திரும்புகிறவர் யாரானாலும் அடுப்பைப் பற்றவைக்கலாம். அதே தாளின் ஓரத்தில் அந்த வாரம் எறிந்தவற்றையும் அளவோடு குறித்துவையுங்கள். ஒரே பொருள் மூன்று வாரம் தொடர்ந்து அங்கே வந்தால், நான்காம் வாரம் பாதி அளவு வாங்கலாம்.

இனி உணவு அட்டவணை வெளியிடும்போது, பண்டத்தின் பெயரோடு ஆளுக்கு எத்தனை கிராம், எத்தனை நாள் தாங்கும் என்ற இரண்டு பத்திகளையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனையியல் ஆசிரியை ஒருவர்