மாஸ்டர், நான் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை?

அன்புள்ள மாஸ்டருக்கு,

எங்கள் வெள்ளவத்தைப் பூங்காவை மாற்றி அமைக்கிற திட்டத்துக்கு எதிராக நீங்கள் எழுதிய மனுத் தாளோடு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மாடி ஏறி வந்தீர்கள். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்ததும் பேனையை நீட்டினீர்கள். "வாசித்துவிட்டுத் தாறேன்" என்று தாளை வாங்கி வைத்தேன். உங்கள் முகம் கொஞ்சம் சுருங்கியதைப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் உடனே கையெழுத்துப் போடாத ஒரே ஆள் நான்தான் என்று மறுநாள் கீழ் வீட்டு அன்ரி சொன்னார். இதை எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதீர்கள். பூங்கா பொதுவானது, அதைப் பற்றிய பேச்சும் அப்படியே இருக்கட்டும்.

முதலில் நமக்குள் சண்டை இல்லாத விஷயம். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த திட்டப் படத்தைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. பாதிப் புல்லைக் கிளறி எடுத்துவிட்டு இன்டர்லொக் கல் பதிப்பார்களாம். வெள்ளவத்தையில் இனிக் கல் பதிக்க என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு வீடும் மாமரமும் நின்ற காணியில் எட்டு மாடி எழும்பி, முற்றம் முழுக்கக் கார் நிற்கிறது. ஐப்பசி மழை ஒரு மணித்தியாலம் அடித்தாலே ஒழுங்கை வாய்க்காலாகிவிடும். அந்தத் தண்ணீரைக் கொஞ்சமாவது குடிக்கிறது அந்தப் புல்தரை ஒன்றுதான். 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாக்கிற சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகத்தில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தார்கள். கொழும்பும் அதில் ஒன்று. அந்தப் பெயரை வாங்கித் தந்தவை பெத்தகான மாதிரியான சதுப்பு நிலங்கள், எங்கள் பூங்கா அந்தக் கணக்கில் வராது. ஆனால் மழைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? விழுந்த இடத்திலேயே இறங்கப் பார்க்கும்.

திட்டத்தில் இருக்கிற கம்பிவேலியும் வேண்டாம். இரவு பூட்டத்தான் வேலி என்பார்கள், பிறகு பகலிலும் திறப்பு யாரோ ஒருவரின் பொக்கெற்றில் இருக்கும். விகாரமகாதேவி பூங்காவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவம் எடுத்துக்கொண்டது. சனத்துக்குத் திரும்பத் திறந்தது 1951இல். போர் முடிந்து ஆறு வருஷம். பூட்டுவது சுலபம், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன்.

உங்கள் மனுவின் கடைசி வரி, "தற்போதுள்ள நிலையில் எந்தவொரு மாற்றமும் செய்யப்படலாகாது." இதில்தான் என் பேனை நின்றுவிட்டது. தற்போதுள்ள நிலை யாருக்கு நல்லது, மாஸ்டர்? நீங்கள் விடிய ஐந்தரைக்கு நடக்கப் போகிறீர்கள். அந்த நேரத்தில் பூங்கா சொர்க்கம், ஒத்துக்கொள்கிறேன். நான் வேலை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்க ஆறரை தாண்டிவிடும். அந்த நேரத்துக்கு அங்கே எரிகிற லைட் ஒன்று, அதுவும் கேற்றடியில். உள்ளே வாங்குகளில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஆம்பிளைகள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை, ஆனாலும் நான் உள்ளே போனதில்லை. மரைன் டிரைவில் வாகனப் புகைக்குள் நடந்துவிட்டு வருகிறேன். என்னோடு அங்கே நடக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதே கதை சொல்வார்கள்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மலசலகூடம் தேவை. பூங்காவில் இருப்பது பூட்டுப் போட்ட ஒரு கதவு. அதனால் அம்மாவின் பூங்கா எங்கள் பல்கணி. புதிய திட்டத்தில் நாலு மலசலகூடமும் பாதை நெடுக லைட்டும் இருக்கின்றன. கல்லையும் வேலியையும் துரத்துகிற அவசரத்தில் நீங்கள் அவற்றையும் சேர்த்துத் துரத்திவிட்டீர்கள்.

காலிமுகத்திடலில் ஆளுநர் ஹென்றி வார்ட் வைத்த கல்லை நீங்கள்தான் எனக்கு முதலில் காட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டு அதில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவர் மனதில் இருந்த பெண்கள் குதிரை வண்டியில் வந்த துரைசானிமார், அது வேறு கதை. இருந்தாலும் அந்த வெள்ளைக்காரனுக்கு வந்த யோசனை உங்கள் ஒன்றரைப் பக்க மனுவில் ஒரு சொல்லாகக்கூட இல்லை.

மரம் பற்றிய பந்தியிலும் எனக்கு ஒரு முடிச்சு. "ஒரு கிளையையும் வெட்டக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் டூப்ளிகேசன் வீதியில் போன பஸ்ஸின் மேல் பெரிய மரமொன்று விழுந்து ஐந்து பேர் செத்தார்கள். அன்று முதல் மழைக்காற்றோடு மரத்துக்குக் கீழே பஸ் நின்றால் நான் அண்ணாந்து பார்க்கிறேன். ஒரு கிளையும் கூடாது என்று நாங்கள் நின்றால், உழுத்த கிளை ஒன்றைக் காட்டி முழு மாரா மரத்தையும் சாய்த்துவிடுவார்கள். ஒவ்வொரு மரமாகத் தெரிந்த ஆளை வைத்துப் பாருங்கள், எது ஏன் வெட்டப்படுகிறது என்று பலகையில் போடுங்கள் என்று கேட்போமே.

பெடியளையும் கேட்டேன், டேப் சுற்றின பந்தில் கிறிக்கெட் அடிக்கிற அந்தக் கூட்டத்தை. செயற்கைப் புல் மைதானம் வருகிறதென்று அவர்களுக்குச் சந்தோஷம். மணித்தியாலத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்றதும் சந்தோஷம் போய்விட்டது. "அக்கா, பந்து வாங்கவே நாங்கள் ஆளுக்கு ஐம்பது போடுகிறோம்" என்றான் ஒருவன். அவனுடைய கையெழுத்தை நீங்கள் வாங்கவில்லை. சின்னப் பிள்ளை என்று விட்டீர்களாக்கும்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். அறிவித்தல் பலகையில் "பூங்கா" என்பது "பூக்கா" என்று கிடந்ததைப் பார்த்து நீங்கள் ஒரு கிழமை கொதித்தீர்கள். நியாயம். ஆனால் உங்கள் மனு தமிழில் மட்டும்தான் இருக்கிறது. பூங்காவில் கடலை விற்கிற அம்மாவுக்கும், பேரனைத் தூக்கிக்கொண்டு வருகிற மூன்றாம் ஒழுங்கை சீயாவுக்கும் அதில் ஒரு எழுத்துத் தெரியாது. கீழ் வீட்டு அன்ரியின் மகள் சிங்களத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆங்கிலத்தை நான் பார்க்கிறேன்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மேயில் தேர்தல் வரும்வரை மனுக் கொடுக்கக்கூட உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். கொடுக்கிற மனுவை ஒழுங்காகக் கொடுப்போம்.

தாள் என்னிடம்தான் இருக்கிறது. பென்சிலால்தான் திருத்தியிருக்கிறேன், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். கடைசி வரியை வெட்டிவிட்டு, கல், வேலி, கட்டணம் வேண்டாம், லைட்டும் மலசலகூடமும் வேண்டும், வேலை தொடங்க முதல் எங்களைக் கூப்பிட்டுக் கதையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு நானே கீழே கொண்டுவருகிறேன், உங்கள் முழங்காலுக்கு இந்தப் படி கூடாது. சம்மதம் என்றால் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். அம்மாவும் போடுவார்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் பழைய மாணவி